மலையில்லா நாட்டில் ஒரு மலைக்காட்சி

உல்லாசப் பிரயாணம் என்றவுடன் பலருடைய உள்ளத்திலும் இரண்டு விருப்பங்கள் எழுகின்றன. உயர்ந்த இடத்தில் நின்று நாட்டைப் பார்த்தல் வேண்டும் என்பது ஒன்று. அந்நாட்டு மண்ணில் விளைந்த உணவை அங்கேயே உண்ணுதல் வேண்டும் என்பது மற்றொன்று. இத்தாலி நாட்டவர் இவ்விரண்டையும் ஒரே நாளில் நிறைவேற்றி வைப்பதில் வல்லவர்கள். காலையிலே குன்றின்மேல் அமைந்த பழைய ஊரைக் காட்டுவார்கள். நண்பகலிலே அக்குன்றின் சரிவில் விளைந்த திராட்சையையும் ஒலிவ எண்ணெயையும் கொண்டு விருந்தளிப்பார்கள். அத்தகைய குன்றூர்களுள் ஒன்றான ஒர்வியேத்தோவில், 1537ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்ட கிணறு ஒன்று உண்டு. அதன் ஆழம் ஏறத்தாழ 53 மீற்றர். இறங்குவதற்கு ஒரு சுருள்வழி. ஏறுவதற்கு வேறொரு சுருள்வழி. நீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. உயரத்தில் வாழ்பவர்களுக்கு நீரே பெருங்கவலை என்பதை அக்கிணறு சொல்லாமற் சொல்லுகின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வரும் பிரயாணிக்கு இத்தகைய நாளொன்றை அமைத்துக் கொடுத்தல் கூடுமா? இங்கே மலை இல்லை. வற்றாத ஆறும் இல்லை. வழுக்கையாறு என்ற ஒன்று உண்டு. அதுவும் மாரியில் மாத்திரமே ஓடுவது. எங்கு நோக்கினும் சமநிலம். அதன்மேல் வானளாவும் பனைகள். எனினும், வழிகாட்டுபவர் விடயம் அறிந்தவராயின், ஒரு பகற்பொழுதுக்குள் இந்நாட்டின் சிறப்பையெல்லாம் காட்டிவிடலாம். அதற்கு அவர் பிரயாணியின் கண்ணை மேலே செலுத்தாது, கீழே, காலடி மண்ணுக்குள் செலுத்துதல் வேண்டும்.

காலையிற் காணத் தக்கது கீரிமலை. பெயரிலே மலை இருக்கின்றது; இடத்திலோ கடலை நோக்கிச் சரியும் கற்கரை மாத்திரமே இருக்கின்றது. கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இங்கே தீர்த்தமாடி மனிதமுகம் பெற்றார் என்பது ஐதிகம். குதிரைமுகம் நீங்கப்பெற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் கதையும் இத்தீர்த்தத்தோடு சேர்ந்ததே. அயலிலுள்ள மாவிட்டபுரம் என்னும் பெயர், மாவாகிய குதிரையின் முகம் விட்ட இடம் என்று அதனாலேயே பொருள் சொல்லப்படுகின்றது. நகுலேசுவரர் ஆலயத்தை வணங்கிக் கேணியில் இறங்குபவர்களுக்கு வியப்பொன்று காத்திருக்கின்றது. சுவருக்கு அப்பால் உவர்க்கடல் அலை மோதுகின்றது. சுவருக்கு இப்பால் நன்னீர் ஊற்றுச் சுரக்கின்றது. 1990ஆம் ஆண்டிலே போரினால் இப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பின்னர் பல்லாண்டு காலம் இப்பிரதேசம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்ய வருவோர் அக்காலத்தில் அருகினர். ஆயினும் ஊற்று நிற்கவில்லை.

இந்நன்னீர் எங்கிருந்து வருகின்றது என்பதை அறிய, புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றுக்குச் செல்லுதல் வேண்டும். இராமபிரான் அம்பெய்து உண்டாக்கிய நீர்நிலை என்பர் ஊரவர். இது சுண்ணக்கற்பாறை கரைந்து, மேற்கூரை இடிந்து உண்டான பள்ளம் என்பர் நிலவியலார். ஆழம் 50 மீற்றருக்கு மேற்பட்டது. ஒர்வியேத்தோவிலே மனிதன் முயன்று தோண்டிய ஆழத்தை இங்கே மழைநீரே பன்னெடுங்காலமாகக் கல்லைக் கரைத்துத் தோண்டியிருக்கின்றது. மேலேயுள்ள நீர் நன்னீர், ஆழத்திலுள்ளது உவர்நீர். குடாநாட்டு நிலத்தடி நீரின் இயல்பு முழுவதும் இந்த ஒரு கிணற்றிலே புலப்படுகின்றது.

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் பருவமழை சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கித் தங்குகின்றது. நன்னீர் பாரம் குறைந்தது. ஆதலால் உவர்நீரின்மேல் அது மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது பரந்திருக்கும் என்பது நிலநீர் ஆராய்ச்சியாளர் கண்ட பொதுக்கணக்கு. அளவுக்கு மிஞ்சி இறைத்து மேல்மட்டத்தை 1 அடி தாழ்த்திவிட்டால், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலெழும் என்பதும் அதே கணக்கே. துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில், மனிதனின் களைப்பே நீருக்குக் காவலாயிருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. அதனோடு இரசாயன உரமும் கழிவும் கல்வெடிப்புகள் வழியே எளிதிற் கலந்துவிடுகின்றன. மழை இறங்கும் வழியே மாசும் இறங்கும் வழியாகும்.

நண்பகல் விருந்துக்கு ஏற்றது ஒடியற்கூழ். மழையை நம்பி, கிணற்றுநீரைக் கேளாது வளரும் பனையே இவ்விருந்துக்கு முதல். பனம்விதையைப் பாத்தியிட்டுச் சில திங்கள் கழித்துக் கிழங்கு எடுப்பார்கள். அதைப் பிளந்து பச்சையாகவே வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியல் மாவை நீரில் ஊறவைத்து, நீரை வடித்து, அதன் காறலையும் கைப்பையும் போக்குதல் வேண்டும். பின்னர் மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை ஆகியன ஒரே பானையில் வெந்து வரும்போது, மாவையும், அரைத்த செத்தல் மிளகாயையும், பழப்புளியையும் கரைத்து விடுவார்கள். பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, வட்டமாக அமர்ந்து சுடச்சுடக் குடிப்பதே முறை. கடலிற் கிடைத்தது, வளவில் விளைந்தது, பனை தந்தது யாவும் ஒரு பானைக்குள் அடங்குகின்றன. எதையும் வீணாக்காத குடும்பத்தின் உணவு இது. ஊரைக் கூட்டி உண்பதற்கென்றே ஆக்கப்படும் உணவும் இதுவே.

மாலைக்கு உரியது மணற்காடு. பருத்தித்துறையைக் கடந்து வடமராட்சி கிழக்கின் கரையோரமாகச் சென்றால், காற்றுக் குவித்த மணற்குன்றுகள் தோன்றும். குடாநாட்டில் ஏறி நின்று சுற்றிலும் பார்க்கத்தக்க உயரம் இங்கேதான் உண்டு. ஒருபுறம் கடல், மறுபுறம் சவுக்குமரங்கள், இடையே மணலில் அமிழ்ந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோவிலின் சிதைவுகள். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையிலும் உயிர்களைக் கொண்டு சென்றது. மணற்குன்று கடலுக்கு அணை. பெய்த மழையைத் தன்னுள் வாங்கி நன்னீராகத் தேக்கிவைக்கும் களஞ்சியமும் அதுவே. கட்டடங்களுக்காக அதனை அள்ளிச் செல்பவர்கள், மணலோடு ஊரின் தண்ணீரையும் அள்ளிச் செல்லுகிறார்கள்.

பிரயாணிகளின் வருகை பெருகுதல் நாட்டுக்கு நன்மையே. ஆனால் வருபவர்கள் தங்கும் விடுதிகளின் குளியலறைகளுக்கும் நீச்சற்குளங்களுக்கும் நீர் வேண்டும். பெரும்பாலும் அதே சுண்ணக்கல்லுக்குள் மிதக்கும் நீரே இறைக்கப்படுகின்றது. கீரிமலையிற் குளித்தும், நிலாவரையில் எட்டிப் பார்த்தும், கூழ் குடித்தும், மணற்குன்றில் ஏறியும் ஒருநாளைக் கழித்த விருந்தினருக்கு இச்செய்தியையும் எடுத்துச் சொல்லுவது வழிகாட்டுபவரின் கடமை. சொன்னால் அவர்கள் மனம் வருந்தமாட்டார்கள். விடுதிக்குத் திரும்பியதும் குழாயைச் சற்று முன்னதாகவே மூடுவார்கள். விருந்தினர் செய்யத் தொடங்கிய அச்சிக்கனத்தைக் கண்டு, வீட்டுக்காரரும் தம் கிணற்றடியிலே இயந்திரத்தைச் சற்று முன்னதாக நிறுத்துவாராயின், அந்த ஒருநாட் பிரயாணம் குடாநாட்டுக்குப் பெரும்பயன் தந்ததாகும்.