காலி டப்பா சொல்லாத சேதி

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இனி கொஞ்ச நேரம் நம் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசலாம். "இதுல பேச என்ன இருக்கு, பொங்கிக் குடுத்தா திங்கப் போகுதுங்க" என்று பின்னால் ஒரு அக்கா சொல்வது கேட்கிறது. இருக்கு அக்கா, கேளுங்க.

நம் உறுப்பினர் ஒருவரின் மகள் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஊர் பெயர், ஆள் பெயர் வேண்டாம். ஒருநாள் காலை பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாள். ரத்தம் பார்த்ததில் 8 கிராம்தான் இருந்தது. அந்த வயதுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டும். "தினமும் டப்பா கட்டித்தானே அனுப்புறேன், காலியாத்தானே திரும்பி வருது" என்று அம்மா அழுதார்.

பிள்ளையிடம் தனியாகக் கேட்டேன். அம்மா கட்டிக் கொடுத்தது கேழ்வரகு அடை. கூடப் படிக்கிற பிள்ளைகள் "கறுப்பு ரொட்டி" என்று கேலி செய்திருக்கிறார்கள். அதனால் வேலிக்குப் பின்னால் போய் நாய்க்குப் போட்டுவிட்டு, டப்பாவைக் கழுவிக் கொண்டு வந்திருக்கிறாள். சத்துணவும் வாங்குவதில்லை. "நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்று வீட்டிலேயே தடுத்திருக்கிறார்கள்.

முதலில் அதைப் பேசுவோம். 1956ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். பிறகு அது பத்தாம் வகுப்பு வரை வந்தது. முட்டை தருகிறார்கள், முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். இது பிச்சை இல்லை, நம் பிள்ளைகளின் உரிமை. சாப்பாடு சரியில்லை என்றால் பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். கௌரவத்துக்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ படிப்பவர்களுக்கும், தனியார் பள்ளிக்குப் போகிறவர்களுக்கும் டப்பா கட்டித்தான் ஆக வேண்டும். விடியற்காலை நாற்று நடவோ, களை எடுக்கவோ கிளம்புகிற நமக்கு நேரம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் எளிதானதையே சொல்கிறேன்.

டப்பாவில் மூன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று, வயிறு நிறைய சோறோ, தோசையோ. இரண்டு, உடம்பு வளரப் பயறு, கடலை, முட்டை இவற்றில் ஏதாவது ஒன்று. மூன்று, ரத்தம் ஊறக் கீரையோ காயோ. தக்காளி சாதத்தோடு ஒரு கை சுண்டல் போதும். முருங்கைக் கீரையை வதக்கிப் பருப்போடு சோற்றில் பிசைந்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் சேர அந்தப் புளிப்பு உதவும். கொய்யா, நெல்லிக்காயும் அப்படித்தான். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச் சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

இனி, பிள்ளை ஆசையாகச் சாப்பிட என்ன செய்வது? அந்த அக்காவிடம் மாவை மாற்றச் சொல்லவில்லை. கேழ்வரகில் அரிசியைவிடச் சுண்ணாம்புச் சத்து பல மடங்கு அதிகம். அதை விடலாமா? அதே மாவில் கேரட் துருவிப் போட்டு, வெங்காயம், முருங்கைக் கீரை சேர்த்துக் குழிப்பணியாரமாக ஊற்றச் சொன்னேன். உருண்டையாக, கையில் எடுத்துக் கடிக்கிற மாதிரி இருந்தது. கூட நாலைந்து சேர்த்து வைத்து, "சிநேகிதிங்களுக்கும் குடு" என்று அனுப்பினார். கேலி செய்த பிள்ளைகளே மறுநாள் கேட்டு வாங்கித் தின்றார்களாம். கடலை உருண்டை, எள்ளுருண்டை, குட்டி இட்லியில் பொடி தடவியது, பீட்ரூட் போட்ட சிவப்புச் சப்பாத்தி எல்லாம் இப்படித்தான். என்ன வேண்டும் என்று முதல் நாள் ராத்திரியே பிள்ளையிடம் கேளுங்கள். கேட்டாலே பாதி டப்பா காலியாகும்.

"பத்து ரூபா குடுத்தா பாக்கெட் வாங்கித் தின்னுக்கும்" என்கிறீர்கள். மாதம் 20 பள்ளி நாளுக்கு 200 ரூபாய். உப்புக்கும் எண்ணெய்க்கும் கொடுக்கிற அந்தக் காசில் எத்தனை முட்டை, எவ்வளவு நிலக்கடலை வாங்கலாம் என்று கணக்குப் பாருங்கள்.

கெட்டுப்போகாமலும் பார்க்க வேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்துத் தண்ணீர் விட்டு ஊசிப் போகும். ஆவி அடங்கிய பிறகு மூடுங்கள். வெயில் காலத்தில் தேங்காய்ச் சட்னி வேண்டாம். தயிர் சாதத்துக்குப் பாலை அதிகமாக விட்டு, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்தால் மதியம் வரை புளிக்காது.

இன்னும் ஒன்று, மனதில் பட்டதைச் சொல்கிறேன். அதே வீட்டில் மகன் டப்பாவில் அவித்த முட்டை இருந்தது. மகள் டப்பாவில் இல்லை. "ஆம்பளப் பிள்ளை, ஓடியாடுறவன்" என்றார் அந்த அக்கா. வயதுக்கு வந்த பெண்ணுக்கு மாதாமாதம் ரத்தம் போகிறதே, அவளுக்குத்தானே இரும்புச் சத்து அதிகம் வேண்டும்? வெறும் வயிற்றில் பள்ளியில் கொடுக்கிற நீல மாத்திரையைப் போட்டால் குமட்டும். அதனால்தான் பல பெண் பிள்ளைகள் அதைத் தூக்கி எறிகிறார்கள். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள். பூச்சி மாத்திரையையும் தவற விடாதீர்கள்.

அந்தப் பிள்ளை இப்போது சத்துணவும் சாப்பிடுகிறாள், மாத்திரையும் போடுகிறாள். மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் பத்தரை. இன்னும் ஏற வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் பிள்ளைக்குக் கட்டுகிற ஒரு டப்பாவைக் கொண்டு வாருங்கள். எல்லோரும் ருசி பார்த்து, செய்முறையைக் கற்றுக்கொள்வோம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பிள்ளையிடம், திட்டாமல், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மத்தியானம் நீ என்ன சாப்பிட்ட கண்ணு?"