மூதறிஞர் இராஜாஜியின் நோக்கில் விடுதலை, தலைமை, ஒழுக்கம்

(பத்தாம் ஆண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



திருவள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் இறைமாட்சியைக் கூறுமுன்பே, அறத்துப்பாலில் அடக்கமுடைமையையும் ஒழுக்கமுடைமையையும் வைத்துவிட்டார். பிறரை ஆளப் புகுவோன் முதற்கண் தன்னை ஆளக் கற்கவேண்டும் என்பதே இம்முறைவைப்பு உணர்த்தும் பொருள். அரசியல் வாழ்வில் இதனையே அளவுகோலாகக் கொண்டவர் மூதறிஞர் இராஜாஜி. அவ்வளவுகோலால் அவரையே அளந்து காண்பது இவ்வுரையின் நோக்கமாகும்.

சிறையில் எழுந்த சிந்தனை

ஒசூரையடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்து, சேலத்தில் புகழ்மிக்க வழக்கறிஞராக விளங்கிய இராஜாஜி, ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டு 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறை புகுந்தார். அங்கு அவர் எழுதிய நாட்குறிப்பில், 1922 சனவரித் திங்களில் பதிவான சிந்தனையொன்று வியப்பளிப்பதாகும். விடுதலை வந்தால் எல்லா நலமும் வந்துவிடும் என்று நாடு கனவு கண்டிருந்த காலம் அது. அவரோ, விடுதலையுடன் நல்லாட்சியும் மகிழ்ச்சியும் உடனே வந்துவிடமாட்டா என்று கருதினார். தேர்தலும் அதன்வழி விளையும் ஊழலும், செல்வத்தின் கொடுங்கோன்மையும், நிருவாகத் திறமின்மையும் மக்கள் வாழ்வை வாட்டும். பழைய ஆட்சியே மேலென ஏங்குவாரும் தோன்றுவர். அடிமை என்னும் இழிவு நீங்குவதே அன்று கிட்டும் பேறு என்பது அவர் கணிப்பு. நன்னடத்தையையும் இறையச்சத்தையும் அன்பையும் இளமை முதலே வளர்க்கும் கல்வி எல்லார்க்கும் வாய்க்குமாயின் நம்பிக்கைக்கு இடமுண்டு என்றும் அவர் எண்ணினார்.

இதனை விடுதலைமீது கொண்ட ஐயம் எனல் பொருந்தாது. ஐயமுற்றவர் அதற்காகச் சிறை புகார். விடுதலையைப் பெரும் பொறுப்பாகக் கண்டவரின் கவலையே இது.

புதுப்பாளையத்துப் பயிற்சிக்களம்

அக்கவலை செயல்வடிவம் பெற்ற இடம் கொங்கு மண்ணே. 1925 பிப்ரவரி 6-ஆம் நாள், திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கப்பெற்றது. அதனைத் திறந்து வைத்தவர் ஈரோட்டுப் பெரியார் ஈ.வெ.ரா. என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. வழக்கறிஞர் தொழிலின் பெருவருவாயைத் துறந்த இராஜாஜி, அங்கு எளிய இல்லமொன்றில் குடும்பத்துடன் தங்கினார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவை ஆசிரமத்தின் தலையாய பணிகள். மழை பொய்த்த வானம்பார்த்த பூமியில் இராட்டையும் நூற்புக் கூலியும் ஏழைக் குடும்பங்களுக்குக் கைகொடுத்தன. 1929-இல் மதுவிலக்குப் பரப்புரைக்கென 'விமோசனம்' என்னும் இதழ் அங்கிருந்து வெளிவந்தது. அப்பணியில் உடனிருந்த இளைஞரே பின்னாளில் நாடறிந்த எழுத்தாளர் கல்கி.

எவரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இராஜாஜிக்கு அங்கில்லை. கள்ளுக்கடை நோக்கிச் செல்வோனைச் சொல்லாலும் தம் வாழ்வாலும் மட்டுமே அவரால் தடுக்க முடிந்தது. சோக்ரதரின் வரலாற்றையும், உரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியசின் சிந்தனைகளையும் தமிழில் தந்தவர் அவர். கொண்ட கொள்கைக்காக உயிர்நீத்த அறிஞரும், அரியணையில் அமர்ந்தும் தம்மையே கண்டித்துத் திருத்திக்கொண்ட வேந்தரும் அவர் மதித்த தலைமைக்கு எடுத்துக்காட்டுகள் எனலாம்.

அதிகாரம் வைத்த தேர்வு

1937-இல் சென்னை மாகாண ஆட்சிப் பொறுப்பை ஏற்ற அவர், அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். கள், சாராய வருவாயை இழக்க அவர் அஞ்சவில்லை. அவ்விழப்பை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். வருவாயினும் குடிமக்கள் நலமே பெரிதெனக் கொண்ட தலைமை இது.

ஆயினும் 1938-இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டபோது அவ்வளவுகோல் வழுவியது. எதிர்த்தோர்மீது, ஆங்கிலேயர் ஆட்சியில் காங்கிரசார் வெறுத்த அடக்குமுறைச் சட்டமே பாய்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். சிறைப்பட்டிருந்த நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிர்நீத்தனர். ஆசிரமத்தைத் திறந்து வைத்த பெரியாரும் சிறை சென்றார்.

1952-இல் மக்களால் தேர்ந்தெடுக்கப்பெறாமல், மேலவை நியமன உறுப்பினராக முதலமைச்சரான இராஜாஜி, 1953-இல் புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொணர்ந்தார். மாணவர் ஒரு வேளை பள்ளியில் பயில்வர். மறுவேளை பெற்றோர் தொழிலைக் கற்பர். குழந்தையைக் குலத்தொழிலில் கட்டிப்போடுவது என மக்கள் அதனைக் 'குலக்கல்வி' என்றனர். எதிர்ப்பு வலுக்கவே 1954-இல் அவர் பதவி விலகினார். அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது, அவர் ஆதரவு பெற்ற பொள்ளாச்சிச் செங்குட்டைப்பாளையத்துச் சி. சுப்பிரமணியம் 41 வாக்குகளும், பெருந்தலைவர் காமராசர் 93 வாக்குகளும் பெற்றனர். வென்றவர் தோற்றவரைத் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். கல்வியமைச்சரான சுப்பிரமணியமே அத்திட்டம் கைவிடப்பட்டதை அறிவித்தார்.

இவ்விரு வீழ்ச்சிக்கும் வேர் ஒன்றே. மக்களுக்கு நல்லது இன்னதென உறுதியாக நம்பியவர், அம்மக்களின் இசைவுக்குக் காத்திருக்கவில்லை. புதுப்பாளையத்தில் வேண்டுகோளாக இருந்த ஒழுக்கம், கோட்டையில் ஆணையாக மாறிற்று. ஒழுக்கமின்றி விடுதலை நிலைக்காது என்ற அவர் கொள்கை மெய்யே. எனினும் ஒழுக்கத்தை அதிகாரத்தால் விதைத்தல் இயலாது என்பதை அவர் வாழ்வே மெய்ப்பித்தது.

முதுமையின் முதிர்ச்சி

அவர் பெருமை அத்துடன் முடிந்துவிடவில்லை. 1950-களின் பிற்பகுதியில், இந்தியை ஆட்சிமொழியாகத் திணித்தலை வன்மையாக எதிர்த்தார். தாம் வளர்த்த காங்கிரசுக்கு மாற்றாக, எண்பது வயதில், 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். எத்தொழிலுக்கும் பர்மிட், லைசென்ஸ், கோட்டா என அரசின் வாயிலில் காத்துநிற்கும் நிலை, கொடுப்போர், பெறுவோர் ஆகிய இருசாராரின் ஒழுக்கத்தையும் கெடுக்கும் என்பது அவர் வாதம். ஆலைகளும் தொழிற்கூடங்களும் நிறைந்த கோவைக்கு இதன் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை.

1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்த முடிவெடுக்கப்பட்டபோது, தொண்ணூறு வயது கடந்த இராஜாஜி, முதலமைச்சர் மு. கருணாநிதியின் இல்லத்திற்கே சென்று, வேண்டாமெனக் கேட்டுக்கொண்டார். வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. 1937-இல் ஆணையிட்ட கை, 1971-இல் கூப்பி நின்றது. அதனைத் தோல்வி எனக் கொள்ளல் சாலாது. புதுப்பாளையத்துக்கு அவர் மீண்ட வழி அது. 1972 டிசம்பர் 25-இல் அவர் மறைந்தபோது, நெடுங்காலம் எதிர்நின்ற பெரியார் நேரில் வந்து கண்ணீர் வடித்தார். கருத்து மாறுபாட்டினும் மேலாகப் பண்பு நின்றதற்கு அக்கண்ணீரே சான்று.

கவிஞர் பெருமக்களே, ஆணையிடும் அதிகாரம் கவிஞர்க்கு இல்லை. அவர்பால் உள்ளவை சொல்லும், அச்சொல்லுக்கு ஈடான வாழ்வும் மட்டுமே. புதுப்பாளையத்துச் சிற்றில்லத்தில் இராஜாஜியிடம் இருந்தவையும் அவ்விரண்டே. அவர் வாழ்வில் நெஞ்சில் நிற்கும் பகுதியும் அதுவே. பத்தாண்டு கண்ட இவ்வட்டம் அவ்விரண்டையும் பேணி நூறாண்டு காண்க.