டீக்கடையில் தொடங்கிய படிப்பு



அன்றாட அலுவலகக் கணக்கை முதன்முதலில் கணினியிடம் ஒப்படைத்தவர்கள் யார்? வங்கிக்காரர்களாக இருக்கும், இன்சூரன்ஸ்காரர்களாக இருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் அவர்கள் டீக்கடைக்காரர்கள்.

லண்டனில் ஜே. லயன்ஸ் என்றொரு நிறுவனம். ரொட்டி, கேக் செய்வார்கள். ஊர் ஊராகத் தேநீர்க்கடை நடத்துவார்கள். ஒரு கோப்பை டீயில் கிடைக்கும் லாபம் சொற்பம். அதைப் பதிந்து, கூட்டி, சரிபார்க்கவோ ஒரு பெரிய எழுத்தர் படையே வேண்டியிருந்தது. அலுவலக வேலைமுறைகளைப் பார்த்துவர 1947இல் அமெரிக்கா போன இரு அதிகாரிகள், கணினி என்ற புதுப் பொருளைப் பற்றியும் விசாரித்துக்கொண்டு திரும்பினார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அப்போது எட்சாக் என்ற கணினி உருவாகிக்கொண்டிருந்தது. லயன்ஸ் அதற்கு 3,000 பவுன் கொடுத்து உதவியது. அதே மாதிரியில் தனக்கும் ஒன்றைக் கட்டிக்கொண்டது. அதன் பெயர் லியோ. 1951 நவம்பர் இறுதியில் பேக்கரிச் சரக்கின் மதிப்பைக் கணக்கிடும் வேலையை அது ஏற்றது.

கொஞ்ச நாளில் கடைகளின் ஆர்டரும் லியோவிடம் வந்தது. இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமைக்கு இவ்வளவு பன், வெள்ளிக்கிழமைக்கு இவ்வளவு கேக் என்று ஒவ்வொரு கடைக்கும் ஒரு நிலையான ஆர்டர் உண்டு. தினமும் குறித்த நேரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து கடைக்குத் தொலைபேசி வரும். கடையை நடத்தும் அம்மா முழுப் பட்டியலையும் ஒப்பிக்க வேண்டாம். வழக்கத்தில் என்ன கூட்ட வேண்டும், என்ன குறைக்க வேண்டும், அதை மட்டும் சொன்னால் போதும். மறுமுனையில் இருக்கும் பெண் அதைக் கேட்டபடியே லியோ படிக்கும் அட்டையில் துளையிட்டுவிடுவார். மிச்சத்தை லியோ பார்த்துக்கொள்ளும்.

எனக்கு அந்த இயந்திரத்தைவிட இந்த ஏற்பாடுதான் பெரிதாகப் படுகிறது. யாரிடம் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது, எப்போது கேட்பது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனைதான் பிற்பாடு 'தகவல் முறைமை' என்ற பாடமாகப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. போனதும் ஆள் வழியாகத்தான். 1952இல் லயன்ஸில் சேர்ந்து லியோவுக்கு நிரல் எழுதிய ஃபிராங்க் லேண்ட், பொருளாதாரம் படித்தவர். 1967இல் லண்டன் பொருளியல் பள்ளிக்குப் போய் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டார்.

அதே காலத்தில் சுவீடனில் பெர்யே லாங்கெஃபோர்ஸ், அமெரிக்காவின் மினசோட்டாவில் கார்டன் டேவிஸ் என்று ஆளுக்கொரு பக்கம் இதே படிப்பைத் தொடங்கிவிட்டார்கள். 1967இலேயே ரஸ்ஸல் ஏகாஃப் என்ற மேலாண்மை அறிஞர் ஒரு குட்டும் வைத்தார். மேலாளர்களுக்குத் தகவல் போதவில்லை என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்க, அவர்கள் வேண்டாத தகவலில் மூழ்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். இன்றைக்குக் கைபேசி வைத்திருக்கும் எவருக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படாது.

மான்செஸ்டரில் இனிட் மம்ஃபோர்ட் என்ற சமூக அறிவியலாளர். துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றி ஆராய லிவர்பூலில் கேன்டீன் வேலைக்கே சேர்ந்தவர், சுரங்கத்துக்குள்ளும் இறங்கியவர். ஒரு முறைமையை வடிவமைக்கும்போது அதை நாளும் பயன்படுத்தப்போகும் ஊழியர்களும் கூட உட்கார வேண்டும் என்று கடைசிவரை வாதாடினார்.

இந்தத் துறையின் அறிஞர்களுக்கு ஒரு தீராத கவலை உண்டு: நாம் கணினி அறிவியலா, மேலாண்மையா, சமூகவியலா? 1980இல் ஃபிலடெல்பியாவில் நடந்த முதல் சர்வதேச மாநாட்டிலேயே இந்தப் பேச்சு எழுந்தது. 2003இல் துறைக்கு அடையாள நெருக்கடி என்று மறுபடியும் எழுதினார்கள். பேராசிரியர்களுக்கு அது பெரிய விஷயம்தான். கல்லாவில் நிற்பவருக்கு வேறு கவலைகள் இருக்கின்றன.

அதற்கு ஒரு சாட்சி லியோவின் வம்சத்திலேயே இருக்கிறது. லியோ கணினிகளைச் செய்து விற்க லயன்ஸ் தொடங்கிய நிறுவனம் கைமாறி, பிற நிறுவனங்களோடு இணைந்து, 1968இல் ஐ.சி.எல். ஆனது; பின்பு ஜப்பானின் ஃபுஜிட்சு குடையின் கீழ் போனது. அந்த ஐ.சி.எல்.தான் பிரிட்டிஷ் அஞ்சலகங்களுக்கு 'ஹொரைசன்' என்ற கணக்கு முறைமையைச் செய்துகொடுத்தது. 1999 முதல் அது ஊர் ஊராகக் கிளை அஞ்சலகங்களுக்கு வந்தது. வந்ததும் பல இடங்களில் கணக்கில் துண்டு விழுந்தது. அந்தக் கிளைகளை நடத்தி, உதவி எண்ணை அழைத்தவர்களில் பலருக்கு, "உங்களுக்கு மட்டும்தான் இப்படி" என்ற ரீதியில் பதில் கிடைத்தது. கைக்காசைப் போட்டு ஈடுகட்டியவர்கள் உண்டு. வீட்டை இழந்தவர்கள் உண்டு. திருட்டு, பொய்க்கணக்கு என்று 900க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். கணினி சரியாகத்தான் ஓடியிருக்கும் என்பதே இங்கிலாந்து நீதிமன்றங்களின் அனுமானமாக இருந்தது. தவறு கணினியுடையது என்று காட்டும் பொறுப்பு கல்லாவில் நின்றவர் தலையில் விழுந்தது. காட்டத் தேவையான பதிவுகளோ அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தன.

டீக்கடை அம்மாவுக்குத் தினமும் ஒரு தொலைபேசி வந்தது. என்ன மாற்ற வேண்டும் என்று அவரிடம் கேட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து வந்த முறைமையில், கணக்குத் தப்பு என்று சொன்னவரின் பேச்சைக் கேட்க ஆளில்லை. மென்பொருளில் கோளாறுகள் இருந்தன என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. அப்போதும் தண்டனைகள் தாமாக நீங்கிவிடவில்லை. நூற்றுக்கணக்கானோர் மீதான தீர்ப்புகளை மொத்தமாக நீக்க, 2024இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதற்கென்றே தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது.