ரோஹட்டினும் ஓய்வூதியப் பணமும்: தலைமை உரை



இந்த இருக்கையில் எனக்கு முன் அமர்ந்தவர்களின் நூல்களைப் படித்துத்தான் நான் இத்துறைக்குள் வந்தேன். அவர்களுக்குப் பின் இங்கே நிற்பது பெருமையாக இருக்கிறது. உள்ளூர நடுக்கமும் இருக்கிறது.

நிதித்துறையினரின் பொதுப்பணி என்பது நம் கருத்தரங்கின் பொருள். மார்கன் நிறுவனப் பங்குதாரராக இருந்து 1927இல் மெக்சிகோவுக்குத் தூதராகப் போன டுவைட் மாரோ தொடங்கி எடுத்துக்காட்டுகள் பல உண்டு. அமர்வுகளில் அவை விரிவாக வரும். நான் ஒருவரோடு நிறுத்திக்கொள்கிறேன்: ஃபீலிக்ஸ் ரோஹட்டின். 1928இல் வியன்னாவில் பிறந்தது, நாஜிகளிடமிருந்து குடும்பத்தோடு தப்பி 1942இல் நியூயார்க் சேர்ந்தது, லசார் வங்கியில் ஆந்த்ரே மேயரிடம் தொழில் கற்றது, ஐ.டி.டி. நிறுவன இணைப்புகளால் பேரும் சர்ச்சையும் சம்பாதித்தது எல்லாம் இங்கிருப்பவர்களுக்குத் தெரிந்தவை.

1975இல் நியூயார்க் நகரத்துக்குக் கடன் கொடுக்க ஆளில்லாமல் போனது. நகரத்துக்காகப் பத்திரங்கள் விற்றுக் கடன் திரட்ட ஜூன் மாதம் ஆளுநர் ஹியூ கேரி உருவாக்கிய மாநகர உதவிக் கழகத்தில் ரோஹட்டின் தொடக்கத்திலேயே இடம்பெற்றார். பின்னர் தலைவராகி 1993 வரை அதை நடத்தினார். இந்தக் கதை நம் துறையில் இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. ஒன்றில் அவர் நகரைக் காத்த மீட்பர். மற்றொன்றில், மக்கள் தேர்ந்தெடுத்த அரசை நிதிக்காரர்கள் கவிழ்த்தார்கள். ரோஹட்டின் அவர்களின் ஆள். வில்லியம் டாப் 1982இல் எழுதிய நூல் இரண்டாவது பார்வைக்கு அடித்தளம் இட்டது. டேவிட் ஹார்வி 2005இல் அதை உலகறியச் செய்தார். இருவரிடமும் நான் நிறையக் கற்றிருக்கிறேன். ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில் அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

1975 அக்டோபர் 17ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று நகரம் 45 கோடி டாலருக்கு மேல் கடனைத் திருப்பிக் கட்டியாக வேண்டும். ஆசிரியர் ஓய்வூதிய நிதி 15 கோடி டாலருக்குக் கழகத்தின் பத்திரங்களை வாங்காவிட்டால் நகரம் திவால். ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் முதலில் மறுத்தார். அன்று பிற்பகலில்தான் இசைந்தார். நவம்பரில் நகரின் ஐந்து ஓய்வூதிய நிதிகளும் சேர்ந்து ஏறத்தாழ 250 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. ஹார்வி இதைத் தொழிற்சங்கங்களுக்கு நேர்ந்த கடைசி அவமானமாகக் கருதி ஓரிரு வரிகளில் முடித்துவிடுகிறார். சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் அரங்கில் மதிப்புக்குரிய நண்பர் ஒருவரும் இதை வெறும் பின்குறிப்பு என்றார். அவருக்கான பதிலை இன்று சொல்கிறேன்.

நாம் புரட்டாத ஒரு சான்று இருக்கிறது. நகரக் கடன் பத்திரங்களை வாங்கிய ஆசிரியர் ஓய்வூதிய நிதியின் அறங்காவலர்கள் மீது ஓய்வுபெற்ற ஆசிரியர்களே வழக்குத் தொடுத்தார்கள். 86 கோடி டாலர் அளவுக்கு ஆபத்தான பத்திரங்களில் எங்கள் பணத்தைப் போட உங்களுக்கு என்ன உரிமை என்பதுதான் அவர்களின் கேள்வி. 1978இல் நியூயார்க் கூட்டரசு மாவட்ட நீதிமன்றம் தந்த தீர்ப்பை முழுவதும் படியுங்கள். ஓய்வூதிய நிதிக்குப் பெரும்பங்கு செலுத்துவது நகரம்தான். நகரம் திவாலானால் நிதியும் சில ஆண்டுகளில் வற்றிவிடும். அறங்காவலர்கள் இதை எடைபோட்டார்கள், வேறு வழிகளைத் தேடினார்கள், மற்றவர்களும் பங்கேற்க வேண்டும், சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள் என்று நீதிமன்றம் கண்டது. அந்தப் பாதுகாப்புக்காக 1976 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. வெறுமனே பணிந்து போனவர்கள் இப்படிப் பேரம் பேசுவதில்லை.

கழுத்தில் கத்தி இருக்கும்போது சொல்லும் சம்மதம் சம்மதமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1975இல் நகரின் சுரங்க ரயில் கட்டணம் 35 சென்டிலிருந்து 50 சென்டானது. 1976இல் நகரப் பல்கலைக்கழகம் இலவசக் கல்வியைக் கைவிட்டது. ஆயிரக்கணக்கான காவலர்களும் ஆசிரியர்களும் வேலையிழந்தார்கள். மூடவிருந்த தீயணைப்பு நிலையத்தை புரூக்ளின் மக்கள் கைப்பற்றிக் காத்த கதையைக் கிம் ஃபிலிப்ஸ்-ஃபைன் 2017இல் எழுதிய நூலில் படிக்கையில் மனம் கனத்துப்போகிறது. அந்த வலியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நகர ஊழியர் சங்கத் தலைவர் விக்டர் காட்பாம், சங்கங்களின் நிதி ஆலோசகர் ஜாக் பிகெல் போன்றோரை வெறும் பலியாட்களாக்கினால், அவர்கள் எடுத்த முடிவின் சுமையையும் அறிவையும் சேர்த்தே பறித்துவிடுகிறோம். மீட்பர் கதையும் கவிழ்ப்புக் கதையும் ஒரே தவறைச் செய்கின்றன: இரண்டிலும் உழைப்பவர்களுக்கு வாயில்லை.

ரோஹட்டினின் திறமை என்ன என்பதும் இங்கேதான் துலங்குகிறது. வால் ஸ்ட்ரீட் கைவிரித்தபோது, இந்த ஊர் பிழைத்தால்தான் நாமும் பிழைப்போம் என்றிருந்தவர்களைத் தேடிப் போனார்.

1997 முதல் 2000 வரை அவர் பிரான்சில் தூதராக இருந்ததை ஓய்வுக்கால வெகுமதி என்று தள்ளிவிடுகிறோம். முந்தைய ஆண்டு அமெரிக்க மத்திய வங்கியின் துணைத் தலைவர் பதவி குடியரசுக் கட்சியினரின் எதிர்ப்பால் நழுவியதற்கு ஆறுதல் பரிசு என்றும் சொல்கிறோம். அவர் செய்ததைப் பாருங்கள். செலவுக் குறைப்பில் அமெரிக்கத் துணைத் தூதரகங்கள் மூடப்பட்டிருந்த நாட்டில், ஒரே ஓர் அமெரிக்க அதிகாரியைக் கொண்ட சிறு அலுவலகங்களைத் திறந்தார்: முதலில் லியோன், பிறகு துலூஸ், ரென், லீல், போர்தோ. பாரிஸின் அமைச்சகங்களைத் தாண்டி மேயர்களையும் உள்ளூர்த் தொழில்முனைவோரையும் தேடிப் போகும் ஏற்பாடு அது. 2006இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கண்டலீசா ரைஸ் அந்த முறையையே மற்ற நாடுகளுக்கும் கொண்டுபோகப் போவதாக அறிவித்தார். நகர நெருக்கடியில் சங்கங்களிடம் போனவரின் பழக்கம்தான் இது என்பது என் வாதம். அவர் வாழ்வின் இந்த இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் படிக்கும் ஒரு கட்டுரைகூட இம்மாநாட்டுக்கு வந்திருக்கும் சுருக்கங்களில் இல்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ரோஹட்டினின் 2010ஆம் ஆண்டுத் தன்வரலாற்றைப் படிக்குமுன் அந்த 1978 தீர்ப்பைப் படியுங்கள். பிறகு ஓய்வூதிய அறங்காவலர் கூட்டங்களின் குறிப்பேடுகளைத் தேடிப் போங்கள். அவற்றில் என் வாதத்துக்கு எதிரான சான்று கிடைத்தால் அதையும் இதே மேடையில் கேட்க விரும்புகிறேன்.

முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.