கரியமில வாயுவும் தீவகத்துச் சேறும்

   

கரியமில வாயுவை வானிலிருந்து இறக்கும் ஆராய்ச்சிக்கும் தீவகத்துக்கும் என்ன தொடர்பென்று சிலர் வினவுகின்றனர். நெடுந்தீவுக் கமக்காரனின் கிணறே அதற்கு விடை சொல்லும். உவர்நீரின்மேல் மெல்லிய ஏடாக மிதக்கும் நன்னீரை நம்பியன்றோ எங்கள் தீவுகள் வாழ்கின்றன! கடல் உயருமாயின் முதலிற் கெடுவது அந்த ஏடுதான்.

1958ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளவெடுக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கிலே இவ்வாயு ஏறத்தாழ 315 பங்காக இருந்தது. இன்று 420ஐக் கடந்துவிட்டது. ஏற்றிவிட்டவர்கள் நயினாதீவாரல்லர், ஆயினும் விளைவை அனுபவிப்போர் வரிசையில் நாம் முன்னே நிற்கிறோம். புகையைக் குறைப்பதோடு, ஏறியதில் ஒரு பகுதியை இறக்கவும் வேண்டுமென்று 2022இல் ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானிகள் குழு கூறியது. ஐஸ்லாந்தில் 2021இல் காற்றை உறிஞ்சும் நிலையமொன்று நிறுவப்பட்டது. அதன் கொள்ளளவு ஆண்டுக்கு 4,000 தொன். எரிபொருளால் உலகம் ஆண்டுதோறும் வெளிவிடுவதோ 3,700 கோடி தொன்னுக்குக் குறையாது. யானைப் பசிக்குச் சோளப்பொரி!

பொறி வாங்க வகையற்ற நமக்கு இயற்கையே பொறி வைத்திருக்கிறது. கண்டலும் கடற்புல்லும் கரியை உறிஞ்சி வேரடிச் சேற்றிலே புதைக்கின்றன. காற்றுப் புகாத அச்சேற்றில் அது எளிதில் மக்குவதில்லை. கலைக்காதவரை நூற்றாண்டுகள் கிடக்கும்.

அப்படியாயின் கன்று நடுவோம் என்பீர்கள். பொறுங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கைக் கரைகளில் 23 இடங்களிலே ஆயிரம் ஹெக்டேயருக்கு மேல் கண்டல் நடப்பட்டது. உருகுணைப் பல்கலைக்கழகத்தாரும் பெல்ஜிய ஆய்வாளரும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, தேறியது 200 ஹெக்டேயர் அளவே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுதானும் மிஞ்சவில்லை! வற்றும் பெருக்கும் அறியாமல் பொருந்தாத இடத்தில் நட்டார்கள்; நட்டபின் கால்நடைக்கும் வெயிலுக்கும் விட்டுச் சென்றார்கள். படம் பிடித்ததோடு பணி முடிந்தது போலும்.

இருப்பதைக் காப்பதிலும் இதே கதைதான். எல்லாக் கண்டற் காடுகளையும் காப்போமென்று 2015இல் முழங்கிய நாடு இது. அதே நாட்டில், 2025இல் மண்டைதீவிலே கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நடப்பட்டபோது, சதுப்பு நிலத்துக்கு ஊறு நேருமெனச் சுற்றாடல் ஆர்வலர் எச்சரிக்க வேண்டியிருந்தது. கடலிலோ இழுவைமடி புல்லை வேரோடு பெயர்த்துச் சேற்றைக் கலக்குகிறது. 2017இல் இலங்கைச் சட்டம் அதைத் தடைசெய்தது. 2022இல் தமிழ்நாடு, கடற்பசுவையும் அது மேயும் புல்லையும் காக்கப் பாக்குநீரிணையில் 448 சதுர கிலோமீற்றரை ஒதுக்கியது. நல்ல செயல். ஆனால் அக்கரைப் படகுகள் இக்கரைப் புல்லை உழுவது நின்றபாடில்லை. எங்கள் வலைகளை அறுக்கும் அதே மடிதான் சேற்றையும் கிளறுகிறது.

ஆகவே, கன்றோடு வரும் நிறுவனத்தாரிடம் எத்தனை நட்டீர்கள் என்று கேட்காதீர்கள். ஐந்தாண்டு கழித்து எத்தனை நிற்கும், எண்ணப்போவது யார் என்று கேளுங்கள். அந்தக் கணக்கு பிரதேச செயலகத்திலும் கடற்றொழிலாளர் சங்கத்திலும் எவரும் பார்க்கும்படி கிடக்க வேண்டும். எங்கள் சேற்றிலுள்ள கரியை வெளிநாட்டாருக்குக் கணக்கெழுதி விற்பதாயின், தீவகத்தார் பங்கு எவ்வளவென்பது முதற்கன்று ஊன்றுமுன் தமிழில் எழுதிக் கையொப்பமாக வேண்டும்.