வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கட்டும்

(ஆரணி வட்டாரக் குடும்ப நலக் கூட்டத்தில் பேசிய பேச்சு)

 

தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறீர்கள். அரை நாள் தறி நின்றால் கூலியில் எவ்வளவு குறையும் என்று எனக்குத் தெரியும். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். வழக்கமாக இங்கே தடுப்பூசி, பேறுகாலக் கவனிப்பு, இரண்டு குழந்தைகளுக்கு நடுவே இடைவெளி என்று பேசுவோம். இன்றைக்குப் பேசப்போவதும் குடும்ப நலம்தான். வீட்டில் ஒருவர் ஒரு சாமியாரிடமோ, ஒரு கூட்டத்திடமோ மீள முடியாமல் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் என்ன செய்வது?

பக்தியைக் குறை சொல்ல நான் வரவில்லை. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போகிறோம். ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போகிறோம். கோயிலுக்குப் போனவர் வீட்டுக்குப் பிரசாதம் கொண்டு வருவார். நான் சொல்லும் கூட்டத்துக்குப் போகிறவர் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போவார். முதலில் நேரம் போகும், அப்புறம் பணம், அப்புறம் பெண்டாட்டி கழுத்தில் இருப்பது. கடைசியில் ஆளே போய்விடுவார். இது எந்த ஒரு மதத்துக்கும் சொந்தமில்லை. காவி கட்டியும் வரும், வெள்ளை உடுத்தியும் வரும், பேன்ட் சட்டை போட்டும் வரும். இப்போது செல்போனுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எப்படி அடையாளம் கண்டுகொள்வது? எனக்குத் தெரிந்த அடையாளம் ஒன்று சொல்கிறேன். அந்தக் கூட்டத்தில் பாட்டு இருக்கும், அழுகை இருக்கும், அன்னதானமும் இருக்கும். அந்தச் 'சாமி'யைப் பற்றி விளையாட்டாக ஒரு வார்த்தை பேச மட்டும் இடம் இருக்காது. நம் பிள்ளையாரைப் பார்த்து 'தொப்பையப்பா' என்கிறோம், அவர் கோபித்துக்கொள்வதில்லை. மனிதர் ஒருவருக்கு அந்தத் தொப்பையைப் பற்றிப் பேசினாலே பாவம் வரும் என்றால், அங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

திருச்சிக்குத் தெற்கே விராலிமலைப் பக்கம் பிரேமானந்தா என்றொருவர் ஆசிரமம் நடத்தியது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1984-ல் இலங்கையிலிருந்து வந்தவர். வெறுங்கையில் திருநீறு வரவழைப்பார், சிவராத்திரியில் வாயிலிருந்து லிங்கம் எடுப்பார் என்று ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 1994-ல் அங்கிருந்து தப்பி வந்த பெண்கள் வாய் திறந்த பிறகுதான் உள்ளே நடந்தது வெளியே வந்தது. பெண்களைக் கெடுத்ததற்கும் ஒரு கொலைக்குமாக 1997-ல் புதுக்கோட்டை நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2011-ல் தண்டனைக் கைதியாகவே இறந்தார்.

அதற்கப்புறமும் 'எங்கள் சாமி நிரபராதி' என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கோவை போத்தனூரில் பி. பிரேமானந்த் என்று ஒரு பகுத்தறிவாளர் இருந்தார். (பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், இவர் அவருக்கு நேர் எதிர்.) 2009-ல் மறையும் வரை ஊர் ஊராகப் போய், சாம்பலைக் கஞ்சியில் பிசைந்து உருண்டையாகக் காயவைத்து, விரலிடுக்கில் ஒளித்து நொறுக்கினால் 'வெறுங்கைத் திருநீறு' கொட்டும் என்று செய்தே காட்டினார். பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். மாட்டாதவன் மாட்டாமல் இருக்க அது நல்ல மருந்து. ஆனால் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவனிடம் போய் "அது உருண்டைடா முட்டாள்" என்றால் அவன் திரும்பி வருவானா? வர மாட்டான். நீதிமன்றத் தீர்ப்பாலேயே மனம் மாறாதவர்கள் நம் வீட்டுத் தீர்ப்பாலா மாறப்போகிறார்கள்? அவன் அங்கே போனது திருநீற்றுக்காக இல்லை. மனசுக்குள் ஒரு பாரம் இருந்தது. அதை இறக்கி வைக்க இடம் தேடிப் போனான்.

ஒரு நெசவாளர் வீட்டுக் கதை சொல்கிறேன். ஊர், பெயர் வேண்டாம். ஒரே வீட்டில் நடந்தது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மூன்று வீடுகளில் கண்டதைக் கோத்துச் சொல்கிறேன்.

கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை. வளைகாப்பு வீட்டுக்குப் போனால் அந்தப் பெண்ணை ஒதுக்கி உட்கார வைப்பார்கள். "டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போலாங்க" என்று அவள் சொன்னாள். "எனக்கு இன்னா கொறை?" என்று அவன் போகவில்லை. யாரோ ஒருத்தர் ஒரு சாமியிடம் கூட்டிப்போனார். ஒரு மண்டலம் விரதம் என்று ஆரம்பித்தது. மண்டலம் முடிந்தது, குழந்தை வரவில்லை. 'உன் வீட்டில் நம்பிக்கை போதவில்லை, இன்னொரு மண்டலம் இரு' என்றார் சாமி. தோஷம் கழிய புருஷன் பெண்டாட்டி தனித்தனியாகப் படுக்க வேண்டும், வியாழக்கிழமை மௌனம், வீட்டில் சமைத்ததைத் தொடக்கூடாது என்று ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போயிற்று. வாரத்தில் மூன்று நாள் அவன் தறிக்குழியில் இறங்குவதே இல்லை. தறி நின்றால் கூலி நிற்கும். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் நிற்குமா? அவள் தார் சுற்றி வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

வீட்டில் என்ன செய்தார்கள்? நாம் எல்லோரும் செய்வதைத்தான். அப்பா அடிக்க வந்தார். மச்சான் சாமி படத்தைத் தூக்கித் தெருவில் எறிந்தான். அவள் பத்து நாள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே சாமி என்ன சொன்னார் தெரியுமா? "உன் சொந்தக்காரர்கள் உன்னை வெறுப்பார்கள் என்று முன்னமே சொன்னேனே." பார்த்தீர்களா! நாம் போட்ட சண்டையெல்லாம் அவருடைய வாக்கு பலித்த கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த வீட்டில் ஒரு ஆயா. எழுபத்தைந்து வயது. கண் மங்கல், வாய் மட்டும் கூர்மை. மருமகளைத் திரும்ப அழைத்துவரச் சொன்னதும் அவள்தான், "யாரும் அவன்கிட்ட வாதாடாதீங்க" என்று எல்லோரையும் அடக்கியதும் அவள்தான். வியாழக்கிழமை அவன் மௌனத்தில் தண்ணீருக்குக் கையை ஆட்டுவான். "உங்க சாமி கை ஆட்னா துன்னூறு வருது, நீ கை ஆட்னா சொம்பு வருது. நீயும் பாதி சாமிதான்டா" என்று சொம்பை நீட்டுவாள். அவன் முறைப்பான். அவள் கவலைப்படமாட்டாள். இன்னொரு நாள், "வெறுங்கையிலே வரவழைக்கிறாரே, அப்டியே ரெண்டு மார்க் ஜரிகை வரவழைக்கச் சொல்லேன், விக்கிற வெலைக்கு முதலாளி கையெடுத்துக் கும்புடுவாரு" என்றாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து போனான்.

பிறகு ஒரு ராத்திரி, அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்குப் போகும்போது கேட்டாள்: "ஏன்டா, தனித்தனியா படுங்கன்னு சொல்லிட்டு புள்ளை வரம் குடுக்கறாரா? பட்டுப்பூச்சிகூட அப்டி முட்டை வெக்காதுடா!"

மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவனுக்கும் அடக்க முடியவில்லை. ஒரு வருஷத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அன்றைக்கே திருந்திவிட்டான் என்று சொல்லமாட்டேன். அடுத்த அமாவாசைக்கும் போனான். ஆனால் அந்தச் சிரிப்பு கூடவே போயிருக்கிறது. சாமி கம்பீரமாக 'தனித்திரு' என்று சொல்லும்போது இவனுக்குப் பட்டுப்பூச்சி ஞாபகம் வந்து தொலைத்ததாம். ஒரு தடவை அப்படிச் சிரிப்பு வந்துவிட்டால் பழைய பயம் பழைய மாதிரி பிடிக்காது. அதற்கடுத்த அமாவாசைக்குக் கால் வலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டான்.

மச்சான் செய்ததும் கேலி, ஆயா செய்ததும் கேலி. மச்சானுடைய கேலி 'நீ முட்டாள்' என்றது. ஆயாவுடைய கேலி 'நீ நம்ம வீட்டுப் பிள்ளை, வா உட்கார்' என்றது. சொல்லும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இதைக் கேட்டு அவரும் சிரிக்க முடியுமா? நாலு பேர் எதிரில் சொல்ல வேண்டாம். அழுதுகொண்டிருக்கும்போது வேண்டாம். முடிந்தால் உங்களையும் சேர்த்தே கிண்டல் செய்துகொள்ளுங்கள். சீட்டுக் கம்பெனியில் ஏமாந்த கதை எந்த வீட்டில் இல்லை?

நம் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் இதைத்தானே செய்கிறான்? ராஜா வேஷம் கிரீடத்தோடு வந்து 'மூவுலகும் நடுங்கும்' என்று கர்ஜிக்கும். பக்கத்தில் நிற்கும் கட்டியங்காரன் சாப்பாட்டையோ கடன்காரனையோ பற்றி ஒரு கேள்வி கேட்பான். ராஜா ராஜாவாகத்தான் இருக்கிறார், ஆனால் நமக்குப் பயம் போய்விடுகிறது. கட்டியங்காரன் ராஜாவை விட்டு ஓடுவதும் இல்லை. விடிய விடியக் கூடவே நிற்கிறான்.

வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டுக் கதை. குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்து, எல்லோரும் கரை சேர்ந்தோமா என்று எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான், ஐந்துதான் வருகிறது. ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஓலமிடுகிறார்கள். வழியில் போகிற ஒருவன் பணம் பேசிக்கொண்டு, முதுகில் ஒவ்வொரு அடி வைத்துப் பேர் சொல்லச் சொல்லி எண்ணிக் காட்டுகிறான். நாம் சிரிக்கிறோம். ஆனால் கூட்டத்தில் சேர்ந்தவனுக்கு நடப்பது இதுவேதான். எல்லோரையும் எண்ணுவான், தன்னை எண்ண மறந்துவிடுவான். அவனையும் எண்ணிச் சொல்ல வீட்டில் ஆள் வேண்டும். அடி வேண்டாம், சாப்பாட்டு நேரத்தில் அவனுக்கும் ஒரு தட்டு வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். வராவிட்டாலும் நாளைக்கும் வையுங்கள்.

சிரிப்பு உதவாத நேரமும் உண்டு. அதைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். சர்க்கரைக்கு ஊசி, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, காசநோய்க்கு மருந்து, வலிப்புக்கு மாத்திரை ஆகியவற்றை 'சாமி சொன்னார்' என்று நிறுத்தினால் காத்திருக்கக்கூடாது. கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் வைத்திருந்தாலும் அப்படித்தான். 2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு குடும்பம் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய், குழந்தை பிழைத்தது, தாய் இரத்தப்போக்கில் இறந்துபோனாள். படித்தவர்கள்தான்.

அதே போல, ஒருவர் தூக்கமில்லாமல், யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்றோ, தனக்குள் தெய்வம் பேசுகிறது என்றோ நாட்கணக்கில் இருந்தால் அது நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. கேலியும் கூடாது, சங்கிலியும் கூடாது. 2022 அக்டோபரில் நம் ஆரணிக்குப் பக்கத்திலேயே ஒரு கிராமத்தில் ஒரு குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு நாட்கணக்கில் பூஜையில் உட்கார்ந்துவிட்டது உங்களுக்குத் தெரியும். அதிகாரிகள் வந்து இயந்திரம் வைத்து இடித்துத்தான் அவர்களை வெளியே கொண்டு வந்தார்கள். தொலைக்காட்சியில் ஊரெல்லாம் பார்த்தது. டீக்கடையில் அதை வைத்துச் சிரித்தவர்களும் இருப்பார்கள். தெருவில் ஒரு வீட்டுக் கதவு இரண்டு நாள் சாத்தியே இருந்தால் முதல் நாளே போய் "இன்னாக்கா, மோர் இருக்கா?" என்று தட்டுகிற பக்கத்து வீட்டுக்காரி இந்த ஊருக்கு வேண்டும்.

உயிருக்கு ஆபத்து என்றால் 108. அடிதடி, பூட்டி வைத்தல், பெண்ணுக்குத் தொல்லை என்றால் 181. குழந்தைக்கு என்றால் 1098. மனசு சம்பந்தமாகக் கேட்க 14416, உடம்பு சம்பந்தமாக 104. எல்லாம் இலவசம். பேர் சொல்லத் தயக்கமாக இருந்தால் சொல்லாமலே விஷயத்தைக் கேளுங்கள்.

அந்த நெசவாளர் கதைக்கு வருகிறேன். போவதை நிறுத்தின பிறகு அவன் ஆறு மாதம் தலை நிமிரவில்லை. கொடுத்த பணம் போயிற்று, அவள் சங்கிலி போயிற்று. அந்த வீட்டில் எல்லோரும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்: "நான் அப்பவே சொன்னேனே" என்று யாரும் சொல்லக்கூடாது. மச்சானுக்கு அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது! சங்கிலிக் கணக்கை அவளே ஒரு வருஷம் எடுக்கவில்லை. பிற்பாடு அவனே திண்ணையில் உட்கார்ந்து, மௌன விரதத்தில் தேள் கொட்டியும் கத்தாமல் குதித்த கதையைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தான்.

இரண்டு பேரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். குழந்தை இல்லாததற்குக் காரணம் பெண்ணிடம் இருக்கலாம், ஆணிடம் இருக்கலாம், இரண்டு பேரிடமும் இருக்கலாம். ஆணுக்குச் செய்யும் விந்துப் பரிசோதனை எளிதானது; ஊசியில்லை, வலியில்லை. அதை முதலிலேயே செய்துகொண்டிருந்தால் ஒரு சங்கிலி மிஞ்சியிருக்கும்.

குழந்தை பிறந்ததா என்று கேட்கிறீர்கள். அது அவர்கள் வீட்டுச் சேதி. தறி ஓடுகிறது, போன மாதம் போனபோது வாசலிலேயே சத்தம் கேட்டது. கூட்டம் முடிந்ததும் கிராம சுகாதார செவிலியர் இங்கேயே இருப்பார். தனியாகப் பேச வேண்டியவர்கள் பேசிவிட்டுப் போகலாம்.