ஆஃப்-சீசன்: வாரத்துக்கு ரெண்டு நாள் போதுமா?

ரேஸ் முடிச்ச எல்லார் மனசுலயும் ஒரு பயம் இருக்கும்: "இப்போ ட்ரெயினிங்கைக் குறைச்சா, சேர்த்து வெச்ச ஃபிட்னஸ் எல்லாம் போயிடுமா?" வீட்டுல இருக்கறவங்க மனசுல வேற கேள்வி: "இனிமேலாவது காலையில வீட்டுல இருப்பியா?" இன்னைக்கு ரெண்டையும் சேர்த்தே பேசுவோம்.

முதல்ல நம்ம ஊர் காலண்டர். கோவா அயர்ன்மேன் 70.3 பெரும்பாலும் அக்டோபர், நவம்பர்ல வருது. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். அதை முடிச்சுட்டு ஊருக்குத் திரும்பினா இங்க வடகிழக்குப் பருவமழை. நான் இருக்கறது மேட்டுப்பாளையம். ஊட்டி ரயில் கிளம்புற ஊர் இல்லைங்க, புதுச்சேரி மேட்டுப்பாளையம், லாரி டெர்மினல் பக்கம். மழைத் தண்ணி நின்னா ரோட்டுல எது பள்ளம்னே தெரியாது, பின்னாடி லாரி ஹாரன் அடிக்கும். கடலும் கொந்தளிப்பா இருக்கும். 2024 நவம்பர் 30 அன்னைக்கு ஃபெஞ்சல் புயல் நம்ம பக்கத்துலதான் கரையைக் கடந்துச்சு. அதனால ஆஃப்-சீசன் எப்போன்னு நாம யோசிக்கவே வேண்டாம், மழையே சொல்லிடும்.

சரி, ஃபிட்னஸ் போயிடுமா? முழுசா நிறுத்தினா குறையும். 1984-ல எட்வர்ட் காயில் குழு, நல்லாப் பயிற்சி எடுத்தவங்களை நிறுத்தச் சொல்லி அளந்து பார்த்தாங்க. மூணு வாரத்துல விஓ2 மேக்ஸ் சுமார் 7 சதவீதம் குறைஞ்சுது, 12 வாரத்துல சுமார் 16 சதவீதம்.

ஆனா 1981-ல ராபர்ட் ஹிக்சன் பண்ண ஆய்வு நமக்கு நல்ல சேதி. 10 வாரம், வாரத்துக்கு 6 நாள் பயிற்சி எடுத்தவங்கள்ல ஒரு பகுதியினரை அடுத்த 15 வாரம் வாரத்துக்கு 2 நாளுக்குக் கொண்டு வந்தாங்க. தீவிரத்தை மட்டும் குறைக்கல. விஓ2 மேக்ஸ் அப்படியே நின்னுச்சு! அதாவது, நாட்களைக் குறைக்கலாம், தீவிரத்தைக் குறைக்கக் கூடாது. நம்ம பாஷையில சொன்னா, மெயின்டெனன்ஸ் மோட். நீண்ட தூரம் தாக்குப் பிடிக்கற சக்தி கொஞ்சம் இறங்கலாம். அதை ஜனவரியில இருந்து மெதுவாக் கட்டிக்கலாம்.

இப்போ வீட்டுக் கணக்கு. சீசன்ல எனக்கு வாரத்துக்குப் பத்து மணி நேரம் வேணும். அந்தப் பத்து மணி நேரமும் பாப்பாவைப் பார்த்துக்கறது என் மனைவி. ட்ரெயினிங் ஆப்ல அவங்க நேரம் எங்கயும் பதிவாகாது. அவங்க இப்போ ஒரு அரசுத் தேர்வுக்குப் படிக்கறாங்க. அதனால இந்த மூணு மாசம் காலை 5 முதல் 7 வரை அவங்களோடது. பாப்பா எழுந்தா பால் காய்ச்சறது நான்.

என் பயிற்சி? ரேஸுக்கு அப்புறம் ரெண்டு வாரம் முழு ஓய்வு. அப்புறம் செவ்வாய், வெள்ளி ராத்திரி பாப்பா தூங்கினதும் ஹால்ல சைக்கிளை ட்ரெயினர்ல மாட்டி நாற்பது நிமிஷம், மூச்சு வாங்கற அளவுக்கு. மழை இல்லாத ஞாயித்துக்கிழமை காலையில கடற்கரைச் சாலை. 7.30 வரைக்கும் வண்டி விடமாட்டாங்க, பாப்பா இஷ்டத்துக்கு ஓடலாம். அது ட்ரெயினிங் கணக்குல வராது, வரவும் வேண்டாம்.

நீங்களும் ஆஃப்-சீசன் பிளான் எழுதறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு கேள்வி கேளுங்க: "உனக்கு எந்த நேரம் வேணும்?" அதை முதல்ல காலண்டர்ல போடுங்க. மிச்சம் இருக்கற இடத்துல உங்க ரெண்டு நாளைத் தாராளமா வெச்சுக்கலாம்.